பூட்ஸைக் கழற்றாத மாசாணம்

ஒரு மனுசனை அடிக்க உடம்பில் எத்தனையோ இடம் இருக்கிறது. மாசாணம் அண்ணனை வாயில் அடித்தார்கள். தெரிந்தேதான் அடித்தார்கள். அந்த வாயால்தான் அவர் இருபது வருசத்துக்கு மேல் பட்டாளத்தில் ட்ரம்பெட் ஊதினார், அந்த வாயால்தான் பிழைப்பு நடத்தினார் என்பது அடித்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். இதை எத்தனை தரம் சொன்னாலும் எனக்குக் கோபம் இறங்க மாட்டேன் என்கிறது.

நான் சென்னகேசவன். கோயமுத்தூரில் கணபதி என்ற பகுதியில் இரும்பு கடைகிற லேத் பட்டறை வைத்திருந்தேன். பட்டறைக்குப் பின்னால் என் அப்பா கட்டிய லைன் வீடுகள் உண்டு. தொண்ணூற்றிரண்டில் மாசாணம் அண்ணன் ஒரு டிரங்குப் பெட்டியோடும் ஒரு கறுப்புத் தோல் பெட்டியோடும் வந்து வீடு கேட்டார். கூட அவர் மனைவி பொற்கொடி. அதற்கு முன்னால் சங்கனூர் வரைக்கும் அலைந்து எத்தனையோ வீடு பார்த்திருந்தார்கள். எல்லா இடத்திலும் ஒரே கேள்வி.

"நீங்க என்ன ஆளுங்க?"

"பட்டாளத்து ஆளுங்க. ரிடையர் ஆயிட்டு வந்திருக்கறேன்."

"அதில்லீங்க. ஊருல என்ன ஆளுங்க?"

மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. எங்கள் சீமையில் ஒருத்தனை வாசலோடு திருப்பி அனுப்புவதைக்கூட 'ங்க' போட்டுத்தான் செய்வார்கள். நான் அதைக் கேட்கவில்லை. கறுப்புப் பெட்டியில் என்ன என்று மட்டும் கேட்டேன். திறந்து காட்டினார். சிவப்பு வெல்வெட்டுக்கு நடுவில் ட்ரம்பெட் படுத்திருந்தது. அதன் வேலைப்பாட்டைப் பார்த்ததும் என் லேத்துக்காரப் புத்தி அதிலேயே ஒட்டிக்கொண்டது. அன்றைக்கே சாவியைக் கொடுத்துவிட்டேன்.

மாசாணம் அண்ணனின் ஊர் அன்னூருக்குப் பக்கத்தில். அவருடைய அப்பா கொம்பு ஊதுகிறவர். வளைந்த பித்தளைக் கொம்பு. மாரியம்மன் நோம்பிக்கும் ஊத வேண்டும், பண்ணையக்காரர் வீட்டில் சாவு விழுந்தாலும் ஊத வேண்டும். உடம்பு சரியில்லை, வர முடியாது என்று சொல்ல வாய் கிடையாது. மேலுக்குச் சட்டை கூடாது, காலுக்குச் செருப்பு கூடாது, துண்டு இடுப்பில்தான் இருக்க வேண்டும். அப்பாவுக்கு மூச்சு வாங்கும்போதெல்லாம் சின்னப் பையனான மாசாணம் கொம்பை வாங்கி ஊதியிருக்கிறார்.

எழுபத்தொன்றில் கோயமுத்தூரில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். ஓடச் சொன்னார்கள், ஓடினார். நெஞ்சை அளந்தார்கள். தேறியவர்களை வரிசையில் நிற்க வைத்து, ஊதத் தெரிந்தவன் யாராவது உண்டா என்று ஒரு பேண்டு மாஸ்டர் கேட்டிருக்கிறார். இவர் கை தூக்கினார். ட்ரம்பெட்டின் வாயில் பொருத்துகிற அந்தச் சின்னப் பித்தளைக் கிண்ணத்தை மட்டும் கொடுத்து ஊதச் சொன்னார்கள். ஊதினார். சத்தம் நேராக வந்தது.

"எங்கே கத்துக்கிட்டே?"

"கொம்பு ஊதுவேனுங்க."

"கொம்புன்னா என்ன?"

இந்த இடத்தைச் சொல்லும்போது அவர் எப்போதும் சிரிப்பார். "அந்தாளு கேட்டாரு பாரு கேசவா, கொம்புன்னா என்னன்னு. எனக்கு அப்படியொரு சந்தோசம். கொம்புன்னா என்னன்னே தெரியாத ஒருத்தர் முன்னால நிக்கறோம், இனி நம்மளுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்."

பட்டாளம் அவரைப் பச்மரி என்ற மலையூருக்கு அனுப்பி இசைக் குறிப்பு எழுதவும் படிக்கவும் சொல்லிக்கொடுத்தது. அம்பாலா, ஜபல்பூர் என்று பல ஊர்களில் இருந்தார். டில்லியில் குடியரசு தின அணிவகுப்புக்கு நடந்தார். ஜனவரிக் குளிரில் பித்தளை உதட்டோடு ஒட்டிக்கொள்ளும், அதனால் கடைசி நிமிசம் வரைக்கும் அந்தக் கிண்ணத்தைக் கக்கத்தில் வைத்துச் சூடாக்குவோம் என்பார். இலங்கைக்குப் போன நம் ஆட்கள் பெட்டிகளில் திரும்பி வந்த காலத்தில், அவர்களுக்குக் கடைசி வணக்கமாக லாஸ்ட் போஸ்ட் ஊதியவர்களில் அவரும் ஒருவர். அதைப் பற்றி மட்டும் அதிகம் பேச மாட்டார். ஹவில்தாராக ஓய்வு பெற்றார்.

அந்தச் சமயத்தில் கோயமுத்தூரில் மெட்ரிகுலேஷன் பள்ளிக்கூடங்கள் தெருவுக்கு ஒன்றாக முளைத்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பேண்டு வேண்டும். சத்தி ரோட்டில் அப்படி ஒரு பள்ளிக்கூடம் நடத்தியவர் தம்பிதுரை. மாசாணம் அண்ணனின் ஊரில் பெரிய பண்ணையம் அவர்கள் குடும்பத்துடையது. "நம்மூரு ஆளு பட்டாளத்துல இருந்து வந்திருக்கறாரு" என்று அவரே ஆள் அனுப்பி அழைத்து வேலை கொடுத்தார்.

வருசம் திரும்புவதற்குள் அந்தப் பள்ளிக்கூடத்து பேண்டு ஊரில் பேச்சாகிவிட்டது. பெண் பிள்ளைகள் கையில் ட்ரம்பெட்டைக் கொடுத்த முதல் ஆள் இவர்தான். ஊதினால் முகம் கோணிப்போகும், கல்யாணம் ஆகாது என்று தாய்மார்கள் சண்டைக்கு வந்தார்கள். "எனக்கு முகம் கோணியிருக்குதுங்களா? பாத்துச் சொல்லுங்கம்மா" என்று அவர்கள் முன்னால் நின்றுகொண்டார். மோகனப்பிரியா என்ற பெண் எட்டாம் வகுப்பிலேயே தனியாக நின்று தேசிய கீதம் ஊதினாள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வேடிக்கை என்று அவர்தான் சொல்வார், எனக்குச் சிரிப்பு வராது. பள்ளிக்கூடத்தில் தம்பிதுரை அவரை "வாங்க மாஸ்டர், உக்காருங்க" என்பார். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பார்த்தால் அதே வாய், "என்னடா மாசாணம், எப்ப வந்தே?" என்று கேட்கும். "அன்னூர் தாண்டினா நாக்கு மாறிக்குது கேசவா" என்று சொல்லிவிட்டு டீயைக் குடிப்பார்.

தொண்ணூற்றி நான்கில் தம்பிதுரையின் அப்பா இறந்துபோனார். ஊரில்தான் எடுத்தார்கள். பள்ளிக்கூடத்து வேனில் வாத்தியார்கள் எல்லாரும் கிளம்பினார்கள். தம்பிதுரை இவரிடம், "மாஸ்டர், ட்ரம்பெட்டை எடுத்துட்டு வாங்க. அப்பாவுக்கு ஒரு மரியாதை பண்ணிப்போடலாம்" என்றார். இவருக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. சோறு போடுகிற பள்ளிக்கூடம், அவர்கள் வீட்டுப் பெரியவர், லாஸ்ட் போஸ்ட் ஊதலாம் என்று நினைத்தார். கறுப்புக் கோட்டு, மார்பில் மெடல்கள், பாலிஷ் போட்ட பூட்ஸ் என்று புறப்பட்டுப் போனார். போகும்போது என் பட்டறையில் தலையை நீட்டி, கோட்டுக் காலரில் தூசி இருக்கிறதா பார் என்று கேட்டார். இல்லை என்றேன்.

அங்கே நடந்ததை எனக்குச் சொன்னவள் அவருடைய அக்கா பாவாத்தாள். ஊரிலேயே இருந்து பண்ணையத்துக் காடுகளில் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள், எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தவள்.

வாசலில் பந்தல். ஒரு பக்கம் சாவுக்குப் பறை அடிக்கிற தப்பட்டைக்காரர்கள் சட்டையில்லாமல் நிற்கிறார்கள். வாத்தியார்களோடு வேனை விட்டு இறங்கி இவர் வாசலுக்கு வந்தார். தம்பிதுரையின் சித்தப்பா சுப்பண்ணன் எதிரே வந்தார்.

"ஏன்டா, எங்க வாரே?"

"ஐயாவுக்கு மரியாதை பண்ண வந்திருக்கறேனுங்க. துரை வரச் சொன்னாருங்க."

"மரியாதை பண்றவன் இப்படித்தான் வருவானா? பூட்ஸைக் கழட்டு. கோட்டைக் கழட்டிப்போட்டுத் துண்டை இடுப்புல கட்டு. அங்க போய் உங்காளுங்களோட நின்னு ஊது."

இவர் தம்பிதுரையைப் பார்த்தார். தம்பிதுரை பக்கத்தில்தான் நின்றார், கைக்கெட்டும் தூரத்தில். வாத்தியார்களும் நின்றார்கள். தினமும் காலையில் ஸ்டாஃப் ரூமில் "குட் மார்னிங் மாஸ்டர்" சொல்கிறவர்கள். ஒரு வாத்தியார்கூட வாயைத் திறக்கவில்லை. தம்பிதுரை மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சாவுக்கு ஊதறதுல எனக்கு வெக்கமில்லீங்க" என்றாராம் மாசாணம் அண்ணன். "எத்தனையோ பேருக்கு ஊதியிருக்கறேன். எல்லாம் இந்த பூட்ஸோடதானுங்க. கழட்ட முடியாதுங்க."

சொல்லிவிட்டுத் திரும்பி வந்திருக்கலாம். அவர் வரவில்லை. வாசலைத் தாண்டாமல், ஊர்ப் பொது வழியில் விறைப்பாக நின்றார். ட்ரம்பெட்டை எடுத்து லாஸ்ட் போஸ்டை முழுசாக ஊதினார். தப்பட்டை தானாக நின்றுபோனது. ஊதி முடித்து, செத்தவருக்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

செத்தவருக்கு அதைவிடப் பெரிய மரியாதையை அந்த ஊரில் யார் செய்துவிடப் போகிறார்கள்? ஆனால் அந்த வீட்டு இளவட்டங்கள் மூன்று பேர் மோட்டார் சைக்கிளில் வந்து பஸ் நிறுத்தத்தில் அவரைப் பிடித்தார்கள். ட்ரம்பெட்டைப் பிடுங்கினார்கள். "இந்த வாயிலதானே ஊதினே" என்று அதாலேயே வாயில் அடித்தார்கள். மேல் வரிசை முன்பற்கள் உடைந்தன, உதடு இரண்டாகக் கிழிந்தது. ட்ரம்பெட்டைக் கல்லில் போட்டு மிதித்தார்கள். பின்னாலேயே ஓடிவந்த பாவாத்தாள் குறுக்கே விழுந்து தடுத்திருக்கிறாள், அவளுக்கும் அடி. பஸ் வந்ததும் அவள்தான் அவரை ஏற்றி, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக் கோயமுத்தூர் வரைக்கும் கொண்டுவந்தாள்.

பெரியாஸ்பத்திரியில் உதட்டைத் தைத்த பிறகு நானும் அவளும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். எந்த ஸ்டேஷன் என்பது இங்கே வேண்டாம். மேசைக்குப் பின்னால் இருந்தவர் தலையைத் தூக்காமலே, "சாவு ஊட்டுல குடிச்சுப்போட்டு உழுந்திருப்பான்" என்றார்.

"என்ற தம்பி குடிக்கறதே இல்லீங்க" என்றாள் பாவாத்தாள்.

"பட்டாளத்துக்காரன் குடிக்க மாட்டானா? யாருகிட்டம்மா கதை சொல்றே?"

நான் வாழ்நாளில் போலீஸ்காரரிடம் குரல் உயர்த்திப் பேசியவனில்லை. அன்றைக்குக் கத்தினேன். வெளியே தள்ளினார்கள். அப்புறம் முன்னாள் ராணுவத்தினர் சங்கத்து ஆட்கள் திரண்டு கலெக்டரிடம் மனுக் கொடுத்த பிறகுதான் வழக்கு என்ற ஒன்றே பதிவானது.

தம்பிதுரை ஒருநாள் காரில் வந்தார். பட்டறை வாசலில் காரை நிறுத்திவிட்டு லைன் வீட்டுக்கு நடந்து வந்தார். கையில் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஒரு பை நிறைய ஆப்பிளும். மாசாணம் அண்ணன் பேச முடியாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் வாசற்படியில் நின்றிருந்தேன்.

"மாஸ்டர், பசங்க ஏதோ துக்கத்துல அறியாமப் பண்ணிப்போட்டாங்க. கேஸு கீஸெல்லாம் எதுக்குங்க? ஊருக்குள்ள பேசி முடிச்சுக்கலாம். நீங்க எப்ப வேணும்னாலும் ஸ்கூலுக்கு வரலாம்" என்றார்.

பொற்கொடி அடுப்படியிலிருந்து வந்தாள். பையைத் திறந்து பார்த்தாள்.

"ஏனுங்க, ஆப்பிள் கொண்டாந்திருக்கறீங்களா?"

"ஆமா அம்மணி. நல்ல ஆப்பிள்."

"கடிக்கறதுக்குப் பல்லு வேணுமுங்களே. அதையும் கொண்டாந்தீங்களா?"

அவர் ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கைமாற்றிப் பிடித்தார்.

"உங்க ஸ்கூல்ல இவரு மாஸ்டருங்க. உங்கூட்டு வாசல்ல இவரு யாருங்க? அன்னைக்கு உங்க சித்தப்பா கேட்டப்ப நீங்க சொல்லியிருந்தா, இன்னைக்கு இந்தப் பழத்தை இவரு கடிச்சுத் தின்னிருப்பாருங்க. எடுத்துட்டுப் போயிருங்க. மறுபடியும் வர வேண்டாமுங்க."

ஒரு வார்த்தைகூட மரியாதை தப்பவில்லை. தம்பிதுரையின் முகம் செத்துப்போயிற்று. பையை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த மாதம் பள்ளிக்கூடத்தில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள். அந்தப் புது ஆளுக்குக் குறிப்பு படிக்கத் தெரியாது. பேண்டு கொஞ்ச நாளில் வெறும் டிரம் சத்தமாகிவிட்டது.

கட்டுப்பல் வைத்துக்கொண்டார் மாசாணம் அண்ணன். சாப்பிட முடிந்தது, பேச முடிந்தது. ஊத முடியவில்லை. ட்ரம்பெட்டின் வாய்க் கிண்ணம் சின்னது. அதன் அழுத்தம் முழுக்க முன்பல்லில்தான் விழும். சங்கத்துக்காரர் கொடுத்த ஒரு பழைய ட்ரம்பெட்டில் ஊதிப் பார்த்தார், கட்டுப்பல் நழுவி ரத்தம் வந்தது. அதன்பின் மாதக்கணக்கில் யாரோடும் பேச்சில்லை. பென்ஷன் வாங்கப் போவார், வருவார், சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். யாராவது ஆறுதல் சொன்னால் கெட்ட வார்த்தை வரும். என்னையும் திட்டியிருக்கிறார்.

பெரிய கிண்ணம் வைத்த வாத்தியம் ஏதும் இல்லையா என்று பட்டறைக்காரப் புத்தியில் ஒருநாள் கேட்டேன். சுவரைப் பார்த்தபடியே, "யூஃபோனியம்" என்றார். மடியில் குழந்தையைப் போல வைத்து ஊதுகிற, கனத்த குரலுள்ள வாத்தியம். போத்தனூரில் ஒரு சர்ச்சுக்காரர்கள் உபயோகிக்காமல் போட்டிருந்த ஒன்றைக் கேட்டு வாங்கினோம். நசுங்கல்களை நான் எடுத்தேன், ஓட்டைகளுக்கு ஈயம் வைத்தேன். வாய்க் கிண்ணம் மட்டும் அவருடைய தைத்த உதட்டுக்குத் தோதாக வரவில்லை. பித்தளை ராடை லேத்தில் மாட்டி நானே கடைந்தேன். விளிம்பு கூர்மை என்று ஒன்றை எறிந்தார். ஆழம் பத்தவில்லை என்று இன்னொன்றை எறிந்தார், அது மோட்டாரில் பட்டுத் தெறித்தது. "என்ற வாய்டா இது, உன்ற பைப்பு இல்ல" என்று கத்தினார். எனக்கும் கோபம் வந்தது. ஆனாலும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த ஆள் கத்துகிறாரே என்று உள்ளுக்குள் சந்தோசமாகவும் இருந்தது. திரும்பக் கடைந்தேன். கடைசியில் ஒன்று சரியாக அமைந்தது.

நாற்பதைத் தாண்டிய வயதில், குடியரசுத் தலைவர் முன்னால் ஊதிய ஆள், எருமை கத்துவது மாதிரி சத்தத்திலிருந்து மறுபடியும் தொடங்கினார். லைன் வீட்டில் ஊதினால் அக்கம்பக்கம் சண்டைக்கு வரும். அதனால் பட்டறைக்குள்ளேயே உட்கார்ந்து ஊதினார். மூன்று லேத் ஓடுகிற சத்தத்தில் யார் குறை சொல்ல முடியும்? வேலையாட்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு பழகிவிட்டது. அப்புறம், அவர் ஒரு மெட்டை முடிக்கிற வரைக்கும் மெஷினை நிறுத்திவிட்டு நிற்க ஆரம்பித்தார்கள். எனக்கு வேலை கெட்டது. கெடட்டும் என்று விட்டுவிட்டேன்.

வகுப்பும் அங்கிருந்துதான் தொடங்கியது. முதலில் மோகனப்பிரியா அவள் அம்மாவோடு வந்தாள். ஸ்கூல் பேண்டில் இப்போது ஒன்றும் இல்லை, மாஸ்டரிடமே கற்றுக்கொள்கிறேன் என்றாள். பின்னால் இரும்பு வார்க்கிற ஃபவுண்டரியில் மோல்டிங் வேலை பார்த்தவர்கள், ஃபிட்டர்கள், ஒரு தபால்காரர் என்று ஆட்கள் சேர்ந்தார்கள். பட்டறை மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து ஊதுவார்கள். நாளடைவில் கல்யாணங்களுக்கும் சர்ச்சு விழாக்களுக்கும் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

கூப்பிட வருகிறவர்களிடம் அவர் முதலில் பேசுவது வேறு எதுவும் இல்லை. "நாங்க பூட்ஸோடதான் வருவோமுங்க. சேர் போட்டு உக்காந்துதான் ஊதுவோமுங்க. விருந்துக்காரங்க சாப்புடற பந்தியிலதான் சாப்புடுவோமுங்க." இதைக் கேட்டு எழுந்து போனவர்கள் நிறையப் பேர். காரமடையில் ஒரு கல்யாணத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் மண்டபத்துக்குப் பின்னால் குழாயடியில் இலை போட்டார்கள். மாசாணம் அண்ணன் இலையைப் பார்த்தார். வாத்தியங்களைப் பெட்டியில் வைக்கச் சொன்னார். பெண்ணின் அப்பா ஓடிவந்து, "சாயங்காலம் ரிசப்ஷன் இருக்குதுங்க, இப்படி நடுவுல போனா எப்படிங்க?" என்றார்.

"அந்தக் குழாயடியில நீங்க ஒரு வாய் சாப்புட்டுக் காட்டுங்க, நானும் உக்காந்துக்கறேன்" என்றார் இவர். அந்த மனுசன் அசையவில்லை. பேண்டு முழுக்கப் பசியோடு மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ் ஏறியது. ஆட்களில் ரெண்டு பேர் முணுமுணுத்தார்கள், ஒரு வேளைச் சோற்றுக்கு இத்தனை வீம்பா என்று. "புடிக்கலைன்னா நாளையில இருந்து வராதீங்க" என்றார். ஒருத்தர் நின்றுவிட்டார். மற்றவர் அடுத்த ஞாயிறு வந்தார்.

வழக்கு தொண்ணூற்றி ஏழில் முடிந்தது. தப்பட்டைக்காரர்கள் ஒருவர்கூடச் சாட்சி சொல்ல வரவில்லை. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். குடியிருக்கும் இடமும் வேலையும் அந்தக் குடும்பத்தின் கையில் இருந்தது. பாவாத்தாள் மட்டும் கூண்டில் ஏறினாள். எதிர்த்தரப்பு வக்கீல், "உங்க தம்பிக்கு உங்களை விட்டா வேற சாட்சியே இல்லையாம்மா?" என்று கேட்டார்.

"பாத்தவங்க ஊரு முச்சூடும் இருக்கறாங்க சாமி. சொல்லறதுக்கு நானொருத்திதான் வந்திருக்கறேன்" என்றாள்.

சந்தேகத்தின் பலனைக் கொடுத்து மூன்று பேரையும் விட்டுவிட்டார்கள். நீதிமன்ற வாசலிலேயே மாலை போட்டு அழைத்துப் போனார்கள். ஊரில் பாவாத்தாளுக்குக் காட்டு வேலை நின்றது, கடையில் சாமான் தர மறுத்தார்கள். அவள் கதவைப் பூட்டிக்கொண்டு கணபதிக்கே வந்துவிட்டாள். கிரைண்டர் கம்பெனி ஒன்றில் கல் தேய்க்கும் இடத்தில் வேலை கிடைத்தது. பொய் சொல்லாத ஒருத்திக்கு அந்த ஊர் கொடுத்த கூலி அது.

தீர்ப்பு வந்த வாரம் மாசாணம் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் எல்லாரையும் கண்டபடி திட்டினார்.

தொண்ணூற்றொன்பதில் தம்பிதுரையின் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. ஆண்டு விழாவுக்கு மாஸ்டர் தன் குழுவோடு வந்து வாசிக்க வேண்டுமாம், மேடையில் பொன்னாடை போர்த்துவார்களாம். அப்போது அவர் பேண்டுக்கு நகரத்தில் நல்ல பெயர். மோகனப்பிரியா காலேஜில் படித்துக்கொண்டே முதல் ட்ரம்பெட் வாசித்தாள். வந்தவரை உட்கார வைத்து டீ கொடுத்தார்.

"வாரேனுங்க. பொன்னாடையெல்லாம் வேண்டாமுங்க. விழாவை உங்க முதலாளி ஊர்ல, அவங்கூட்டு வாசல்ல வெக்கச் சொல்லுங்க. அங்கன்னா காசில்லாமயே ஊதறேன்."

வந்தவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். ஆண்டு விழாவில் கேசட் போட்டுக்கொண்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

அதே வாரம் பீளமேட்டில் ஒரு கல்யாணத்தில் அவர்கள் வாசித்தார்கள். நானும் பொற்கொடியும் பாவாத்தாளும் போயிருந்தோம். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டோம். யூஃபோனியம் தனியாக ஒலிக்கிற இடம் வந்ததும் பந்தலில் பேச்சு அடங்கியது. மேல் ஸ்தாயிக்குப் போகும்போது உதட்டின் தையல் இழுக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தில் அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். வலிக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. வாசித்து முடித்ததும் கைதட்டினார்கள். பாவாத்தாள் என் பக்கம் குனிந்து, "பழைய பல்லு இருந்திருந்தா இன்னும் எப்படி ஊதியிருப்பான் கண்ணு" என்றாள்.

பேண்டுக்காரர்கள் வாத்தியங்களை வைத்துவிட்டு வந்தார்கள். எழுந்து எல்லாரோடும் பந்திக்குப் போனோம்.